ரெஜினா டீச்சருக்குப் பாதி மருந்து

ஜூன் 3, செவ்வாய்

மாலையில் மைதானத்துக்குப் போன ரெஜினா பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் வாலிபால் பிள்ளைகளை விடவில்லை. மழை பெய்தாலும் போய், மழையை நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிறவள். இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்தாள்.

"காலெல்லாம் ஒடஞ்சு போற மாதிரி வலிக்கு."

"எழுபது வயசுல குதிச்சா வலிக்காம என்ன செய்யும்?" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் ஒன்று சொல்லி அவள் பதில் சொல்லாமல் இருந்தது கிடையாது.

தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். ராத்திரிக்கு நானே தோசை சுட்டேன். முதல் மூன்றும் கல்லிலேயே தங்கிவிட்டன.

ஜூன் 9, திங்கள்

டாக்டரிடம் கூட்டிப் போனேன். முப்பது வருஷமாக எங்களைப் பார்க்கிறவர். கால் வலியா, வயசு. சோர்வா, அதுவும் வயசு. பசி இல்லை, மெலிந்துவிட்டாள் என்றேன். "எழுபதுல எல்லாருக்கும் இப்படித்தான் ஜெரோம்" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வயசு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வருகிற வழியில் சீலா மீன் வாங்கினேன். அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

ஜூன் 21, சனி

கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது ரெஜினாவின் இடது கால் செருப்பு தெருவிலேயே கழன்றுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். எதிர் வீட்டுக்காரி எடுத்துவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள். ரெஜினாவும் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அந்தப் பாதத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"தொடுதது தெரியல" என்றாள்.

கணுக்காலுக்கு மேலே சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கொசு கடித்திருக்கும் என்றேன். விரலால் அழுத்தினால் மறையவில்லை. கொசுக்கடிதான்.

ஜூன் 28, சனி

இடது பாதத்தை அவளால் மேலே தூக்க முடியவில்லை. தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.

ஜூலை 2, புதன்

சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. அவளாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். டாக்டர் ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். மத்தியானம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கிட்னி பாதிச்சிருக்கு. மதுரைக்குப் போயிருங்க. நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே."

முதல் தடவையாக அவர் வயசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காஸ் சிலிண்டரை அடைத்தேனா என்று பஸ் கிளம்பிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரியிடம் சாவி இருக்கிறது, போன் பண்ணினேன்.

ஜூலை 4, வெள்ளி

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் ஃபர்ஹானாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். வியாதியின் பெயர் வாஸ்குலைட்டிஸ். ரத்தக்குழாய்கள் வீங்கிப் புண்ணாகிப் போவது. வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. சிறு சிறு குழாய்கள் கெட்டுப்போவதால் கிட்னி, நரம்பு, தோல், நுரையீரல் என்று எது வேண்டுமானாலும் பாதிக்குமாம். செருப்பு கழன்றது, சிவப்புப் புள்ளி, கட்டஞ்சாயா எல்லாம் ஒரே வியாதிதான்.

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் என்ஜினோடு முப்பத்தைந்து வருஷம் கிடந்தவன் நான். குழாய் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது. எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்று கேட்டேன். ஒரு இடம் என்று இல்லை சார், உடம்பு முழுக்க என்றார்.

ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பந்து தூக்கிப் போடலாமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல உங்களை எழுப்பி நிக்க வைக்கிறேன்மா" என்றார்.

ஜூலை 7, திங்கள்

வார்டில் பக்கத்துக் கட்டிலில் செண்பகவல்லி என்று ஒரு பெண். கோவில்பட்டி. வயது முப்பத்தொன்று. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அவளுக்கும் இதே வியாதி. ஆனால் அவளுக்கு மூக்கில் ஆரம்பித்திருக்கிறது. ஒரு வருஷமாக மூக்கிலிருந்து ரத்தமும் பொருக்குமாக வந்து, மூக்குத் தண்டே நடுவில் உள்வாங்கிவிட்டது. பேசும்போது கையால் மூக்கை மறைத்துக்கொள்கிறாள்.

"கைய எடு பிள்ள. யாரும் ஒன்ன பொண்ணு பாக்க வரல" என்றாள் ரெஜினா.

அந்தப் பெண்ணின் அம்மா திகைத்துப் போனாள். செண்பகம் மட்டும் சிரித்துவிட்டுக் கையை எடுத்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே பேச்சு.

"எனக்குச் சின்ன வயசுன்னு சளி மாத்திரையாக் குடுத்தாங்க டீச்சர். ஏசியில உக்காந்து வேல பாக்கேன்ல, அதான்னுட்டாங்க."

"எனக்கு வயசாயிட்டுன்னு சத்து மாத்திரை."

"அப்போ யாருக்கு எந்த வயசுல வந்தா கண்டுபிடிப்பாங்களாம்?"

ரெஜினா இருமுகிற மாதிரி சிரித்தாள். நான் கீழே போய் இட்லி வாங்கி வந்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று டாக்டரிடம் சத்தம் போட்டுவிட்டேன்.

காலையில் இரண்டு கட்டில்களுக்கும் மருந்து ஏற்றினார்கள். பாட்டிலில் ஒட்டியிருந்த அளவைப் படித்தேன். செண்பகத்துக்குப் போவதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக ரெஜினாவுக்குப் போனது. நர்ஸிடம் கேட்டேன், டாக்டரைக் கேளுங்க என்றாள். வராந்தாவில் டாக்டரை மறித்துக்கொண்டேன்.

"ஒரே வியாதிதானே? அந்தப் பிள்ளைக்கு முழுசு, எம் பொண்டாட்டிக்குப் பாதியா? வயசானவதானேன்னு குடுக்கியளா?"

"சார், உக்காருங்க."

"நான் நின்னுக்கிடுதேன்."

அவரும் நின்றுகொண்டே சொன்னார். "ரெண்டு வியாதியும் ஒரே குடும்பம்தான். ஆனா வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கும். செண்பகத்துக்கு மூக்கோட நிக்குது. மருந்து குடுத்தா அடங்கும், ஆனா திரும்பத் திரும்ப வரப் பாக்கும். அம்மா வயசுல நேரா கிட்னிக்குப் போகுது. அதனால வேகமா அடக்கணும். அடக்கற மருந்து உடம்போட எதிர்ப்பு சக்தியையும் சேத்து அடக்கும். முப்பது வயசு உடம்பு அதைத் தாங்கும். எழுபது வயசு உடம்புல ஒரு சாதாரண சளி போதும், நிமோனியாவாகிடும். வயசானவங்கள்ல முதல் வருஷம் வியாதியால போறவங்களைவிட இந்தத் தொற்றால போறவங்கதான் சார் அதிகம்."

"அப்போ பாதி மருந்துல வியாதி நிக்குமா?"

"நிக்கும்னு நம்பறேன்."

"நம்புதியளா?"

"ஆமா சார். இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஆயில் கூடினாலும் என்ஜின் கெடும், குறைந்தாலும் கெடும். ஆனால் அங்கே எவ்வளவு என்று ஒரு கோடு போட்டிருப்பான். அதைத்தான் கேட்டேன், அந்தக் கோடு எங்கே என்று. அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கட்டிலுக்கு வந்தால் ரெஜினா, "வராண்டால யாரு அப்படிக் கத்துனது?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 10, வியாழன்

மஸ்கட்டிலிருந்து மகன் ஆன்றோ போன் பண்ணினான். நெட்டில் எல்லாம் படித்திருக்கிறான். "முழு டோஸ் குடுக்கச் சொல்லுங்கப்பா, விடாதீங்க" என்கிறான். லீவு கிடைக்கவில்லையாம். சரி என்றேன். அவனிடம் சரி என்றேன், டாக்டரிடமும் சரி என்றேன்.

ஜூலை 19, சனி

டயாலிசிஸ் நடக்கிறது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. தூக்கமே கிடையாது. விடிகிறதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் எந்திரிங்க" என்று வார்டையே அதட்டுகிறாள். நேற்று ஒரு நர்ஸை வரிசையில் நிற்கச் சொன்னாளாம். மாத்திரை செய்கிற வேலை, பயப்படாதீங்க என்றார்கள். நான் பயப்படவில்லை. அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

செண்பகத்தை இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து, தலை சீவி, பூ வைத்து, நடந்து போனாள். ரெஜினாவின் கன்னத்தில் கை வைத்து, "டீச்சர், நீங்களும் சீக்கிரம்" என்றாள்.

நல்ல பெண். நன்றாக இருக்கட்டும். அந்தக் கட்டிலுக்கு உடனே வேறு ஒரு ஆள் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில்தான் இருக்கிறோம். போன வாரம் டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். கிட்னி ஓரளவு திரும்பிவிட்டதாம். ஆன்றோவிடம் சொன்னபோது போனிலேயே அழுதான்.

இன்று மாதா கோவில் திருவிழா. ஊரே அங்கே இருக்கிறது. ரெஜினா கூட்டத்துக்குள் போகக்கூடாது. மாடி ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மணிச் சத்தம் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணன் மகன், தம்பி மகள் என்று சொந்தக்காரர்கள் வாசல் வரைக்கும் வந்தார்கள். மாஸ்க் போடாதவர்களை நான் உள்ளே விடவில்லை. கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

உப்பில்லாச் சமையல். உப்பளத்து ஊரில் பிறந்தவளுக்கு உப்பில்லாமல் சோறு போடுகிறேன். கிட்னிக்கு ஆகாத சத்து போக உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். ஒரு வாய் வைத்துவிட்டு, "இத ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, மயக்க ஊசி போடாண்டாம்" என்றாள்.

காலில் பிளாஸ்டிக் தாங்கி கட்டிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். பாதம் இன்னும் தொங்குகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். வந்துவிடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உடம்பு கொஞ்சம் சூடாக இருக்கிறது. வெயில்.

அதே நாள், மாலை

வெயில் இல்லை. மூச்சு வாங்குகிறது. கார் சொல்லியிருக்கிறேன். மதுரை போகிறோம். அவளுடைய நைட்டிகளை எடுத்து வைத்தேன், பல் பிரஷை மறந்து திரும்பவும் மாடிக்கு ஏறி எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஐ.சி.யூ. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா.

டாக்டர் ஃபர்ஹானா ரிப்போர்ட்டை என்னிடம் காட்டினார். வாஸ்குலைட்டிஸ் அடங்கியிருக்கிறது. ரத்தத்தில் அதற்கான அடையாளமே இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்திருக்கிறது. அதே மருந்துதான் இந்தக் கிருமிக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

பாதி மருந்துக்கே இப்படி. நான் அன்று கத்திக் கேட்ட முழு மருந்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆன்றோ போனில், "அவ்வளவு ஸ்ட்ராங்கான மருந்த எதுக்குப்பா குடுக்க விட்டீங்க?" என்றான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளிருந்து அவன் குரல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மூச்சு இன்னும் மோசமானால் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாமா வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டுமாம். இந்த வயதில் மெஷினில் வைத்தால் திரும்ப எடுப்பது கஷ்டமாகலாம், எடுத்துவிடவும் செய்யலாம் என்றார். அவர் கேட்டது என்னை. பதில் சொன்னது, ஆக்சிஜன் முகமூடியை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரெஜினா.

"அவுகட்ட கேக்காதிய டாக்டர். அவுகளுக்கு ஒரு சேல எடுக்கத் தெரியாது."

"நீங்களே சொல்லுங்கம்மா."

"வேண்டாம். மெஷின் வேண்டாம். மத்ததெல்லாம் பண்ணுங்க."

என்னைப் பார்த்தாள். அவள் காலை மூடியிருந்த போர்வை விலகியிருந்தது, இழுத்துச் சரிசெய்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

அப்படியேதான் இருக்கிறது. கேன்டீனில் சாம்பார் சாதம்.

செப்டம்பர் 6, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் இல்லாமலே தப்பித்துவிட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரிம்மா நீங்க" என்றார். கெட்டிக்காரியின் கையில் தோலும் எலும்பும்தான் இருக்கிறது. டம்ளர் தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

செக்கப்புக்கு வந்த செண்பகம் பார்க்க வந்தாள். முகத்தில் வீக்கம் வற்றி, கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது. திரும்ப வேலைக்குப் போகிறாளாம். ரெஜினாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வேகமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒன்றுமில்லை. டீ குடிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு டீ குடித்தேன். அவள் பஸ்ஸுக்குப் போயிருப்பாள் என்று தோன்றிய பிறகுதான் மேலே வந்தேன்.

"வயித்தெரிச்சல் பிடிச்ச மனுசன்" என்றாள் ரெஜினா, கண்ணைத் திறக்காமலே.

அக்டோபர் 8, புதன்

மதுரையில் டாக்டரைப் பார்த்தோம். இனிமேல் என்ன செய்வது என்று பேச்சு. வியாதி திரும்ப வராமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டே போகலாம். போட்டால் மறுபடி நிமோனியா மாதிரி ஏதாவது வரப் பார்க்கும். போடாமல் விட்டால் வியாதி திரும்பலாம்.

"எனக்குத் திரும்ப வருமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு வந்திருக்கற வகை, உங்க வயசு, ரெண்டையும் வச்சுப் பாத்தா திரும்பறது கொஞ்சம் குறைவுதான்மா. ஆனா திரும்பினா, மிச்சம் இருக்கற கிட்னி போயிடும்."

"நீங்களா இருந்தா எது செய்வீங்க?" இது நான்.

டாக்டர் பேனாவை மூடினார். "சார், இந்த மருந்துகளைப் பரிசோதிச்சப்போ அதுல சேத்துக்கிட்டவங்க பெரும்பாலும் இவங்களைவிடச் சின்னவங்க. எழுபது, எண்பது வயசுக்காரங்க கொஞ்சப் பேர்தான். அவங்களை வச்சு இவங்களுக்கு அளவு போடறேன். தெரியும்னு சொன்னா பொய்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்லுதிய?"

ஊசி போடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஐ.சி.யூ. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகமூடியோடு கிடந்தது ஞாபகம் வந்தது. போட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கழுத்தில் குழாயோடு அவள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வெளியே அடுத்த ஆள்கள் காத்திருந்தார்கள்.

"ஒன் இஷ்டம்" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு டாக்டரிடம், "ஊசி வேண்டாம்மா. வந்தா பாப்போம்" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் தூங்கினாள். நான் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். எட்டயபுரம் தாண்டியதும் அவர், "அண்ணாச்சி, நீங்களே ஓட்டுதியளா?" என்று கேட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

செண்பகத்தின் அம்மா போன் பண்ணினாள். அந்தப் பெண்ணுக்கு வியாதி திரும்பிவிட்டது. மறுபடி மூக்கில் ரத்தம், இந்தத் தடவை காதும் மந்தமாகிவிட்டதாம். முழு மருந்து வாங்கிக்கொண்டு நடந்து போனவள். திரும்ப மதுரையில் சேர்த்திருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகு அடுப்படியில் வேலை இல்லாமலே நின்றேன். ரெஜினாவிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். கஞ்சி கொண்டுபோனேன்.

"செண்பகத்துக்குத் திரும்பிட்டு" என்றாள்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அவதான். போன வாரமே சொல்லிட்டா. காது கேக்கலன்னு இப்பம் எழுதி எழுதி அனுப்புதா." போனை நீட்டினாள். எனக்கு வாங்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சாப்பிடாம கெடப்பிய."

கஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் குடித்தாள். "அவளுக்கு இன்னும் நாப்பது அம்பது வருசம் கெடக்கு. அது வந்து வந்து போவும், பாவம். எனக்கு ஒரு தடவையே போதும்."

முப்பத்தொன்றாக இருந்தால் ஒரு மாதிரி, எழுபதாக இருந்தால் ஒரு மாதிரி. ஜூலையில் அந்தப் பெண் பூ வைத்துக்கொண்டு போனபோது, அந்த வயதை எடுத்து ரெஜினாவுக்குக் கொடுத்துவிட முடியாதா என்று நினைத்தேன். இப்போது யாருடைய வயதை யாருக்குக் கொடுக்கச் சொல்வது?

சாயங்காலம் தலையணை உறைகளைத் துவைத்துப் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் மழை. கோவிலுக்குப் போகவில்லை. ரெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே குளியலறைக்குப் போனாள். நான் வாளியில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உள்ளே இருமினாள்.

ஒரு தடவைதான். நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மறுபடி இருமினாள்.

மழைக்குச் சளி பிடித்திருக்கலாம். நிமோனியா தொடங்குகிறதாக இருக்கலாம். வியாதி திரும்பி, இந்தத் தடவை நுரையீரலில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் எழுபது வயதுத் தொண்டையாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முதல் சத்தம் ஒன்றுதான். டாக்டர் ஃபர்ஹானாவுக்கு போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. ஆன்றோ பெயரைத் தேடி எடுத்தேன். அவனிடம் என்ன சொல்வது, அம்மா இருமினாள் என்றா? போனை வைத்துவிட்டேன்.

"கதவுக்கு வெளிய என்ன பண்ணுதிய?"

"சும்மா நிக்கேன்."

"தண்ணி பொரையேறிட்டு. அவ்வளவுதான்."

"சரி."

மறுபடி இருமினாள். இந்தத் தடவை நீளமாக. நின்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அது அதைவிட மோசமாக இருந்தது. பிறகு தாழ்ப்பாளைத் திறக்கிற சத்தம்.

"நின்னுட்டே இருக்காம உள்ள வாங்க. முதுகத் தட்டி விடுங்க."

ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் துண்டுக்குக் கீழே முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன். எவ்வளவு பலமாகத் தட்டலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.